கோழிக் குஞ்சின் ஐந்தாவது விரல்

கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுக்கு நாலு கோழியாவது மேயும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பதில்லை. விருந்தாளி வந்தால் அடிக்க, கோயிலுக்கு நேர்ந்துவிட, அவசரத்துக்கு விற்றுக் காசாக்க என்று அது கையில் இருக்கும் சொத்து. மலை இறங்கிக் கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று வந்தாலும், கொல்லையில் பஞ்சாரம் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அடை வைத்துப் பழகிய பெண்கள், பொரித்த குஞ்சுகளில் எப்போதாவது ஒன்று வேறு மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பார்கள். நாலு விரல் இருக்க வேண்டிய காலில் அஞ்சு விரல் இருக்கும். ஒன்றுக்குக் கால் குட்டையாக இருக்கும். பொரிக்காமல் நின்றுபோன முட்டையை உடைத்தால், உள்ளே கால் சரியாக அமையாமல் செத்த கரு கிடக்கும். அஞ்சு விரல் குஞ்சைச் சிலர் அதிர்ஷ்டம் என்பார்கள், சிலர் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பொரிக்காத முட்டை கூமுட்டை என்ற பெயரோடு குப்பைமேட்டுக்குப் போய்விடும்.

ஒரு உயிருக்குக் கையும் காலும் எப்படி முளைக்கின்றன என்பதை அறிவியல் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கோழிக் கருக்களுக்கு உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி ஒன்றுதான். கால் கோணிப்போவதற்கு, காலைக் கட்டும் சரக்கு குறைந்துபோனது காரணமாக இருப்பது அரிது. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளை மாறிப்போவதே பெரும்பாலும் காரணம்.

முதலில், எல்லாம் சரியாக நடந்தால் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கோழி முட்டை பொரிய 21 நாள். அடைக்கோழியின் வயிற்றுச் சூடோ, இன்குபேட்டரின் 37.5 டிகிரி செல்சியஸோ, ஏதோ ஒன்று தொடர்ந்து கிடைக்க வேண்டும். மூன்றாம் நாள் முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிவப்பு ரத்தக்குழாய்கள் நாலாபக்கமும் ஓடுவது தெரியும். கிராமத்தில் ‘கரு கூடிவிட்டது’ என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். அந்த நாளில் முட்டையைக் கிண்ணத்தில் உடைத்தால், மஞ்சள்கருவின் மேல் ஒரு விரற்கடை நீளம்கூட இல்லாத உடம்பு வளைந்து கிடக்கும். அதன் நடுவே குண்டூசித் தலை அளவில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உடம்பின் இரு பக்கமும் சின்னச் சின்ன மேடுகளாக நாலு வீக்கங்கள் தெரியும். முன்னால் உள்ள இரண்டும் இறக்கைகள், பின்னால் உள்ள இரண்டும் கால்கள். நாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இவற்றைக் கால் மொட்டு, இறக்கை மொட்டு என்று சொல்லலாம்.

ஐந்தாம் நாளில் மொட்டின் நுனி தட்டையாகி விரியும். ஏழாம் நாளில் அதற்குள் விரல்களுக்கான குருத்தெலும்புக் கோடுகள் தெரியும். விரல்களுக்கு இடையே இன்னும் சவ்வு இருக்கும். அந்தச் சவ்வில் உள்ள செல்கள் தாமாகவே சாகத் தொடங்க, பத்தாம் நாளுக்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வாத்துக்கும் இதே விதிதான். ஆனால் அதன் கால்சவ்வில் கிரெம்லின் என்ற புரதம் இருந்து, சாகச் சொல்லும் செய்தியைத் தடுத்துவிடுகிறது. அதனால் வாத்துக்குச் சவ்வு மிஞ்சுகிறது, கோழிக்கு மிஞ்சுவதில்லை. அடை நாட்களைத் துல்லியமான 46 படிகளாகப் பிரித்து 1951-இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் ஒரு பட்டியல் போட்டார்கள். உலகத்தின் எந்த ஆய்வகத்திலும் கோழிக் கருவுக்கு இன்றைக்கும் அதுதான் நாட்காட்டி.

ஆய்வாளர்கள் கோழியைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், முட்டை தாயின் வயிற்றுக்கு வெளியே இருக்கிறது. ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டி, உள்ளே கருவின் மொட்டில் வேண்டியதை வெட்டி ஒட்டிவிட்டு, மேலே டேப் ஒட்டித் திரும்ப இன்குபேட்டரில் வைத்துவிடலாம். கரு வளர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஜான் சாண்டர்ஸ் 1948-இல் செய்தது இதைத்தான். மொட்டின் விளிம்பில் தோல் கொஞ்சம் தடித்து ஒரு வரப்பாக ஓடும். அந்த விளிம்பை மட்டும் நறுக்கி எடுத்தார். இறக்கை பாதியில் நின்றுவிட்டது. சீக்கிரம் நறுக்கினால் தோள்பட்டைப் பக்கத்து எலும்போடு நின்றது, தாமதமாக நறுக்கினால் விரல் மட்டும் இல்லாமல் போனது. ‘வளர்ந்துகொண்டே இரு’ என்ற சொல் அந்த விளிம்பிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. அந்தச் சொல் எஃப்.ஜி.எஃப். என்ற புரதக் குடும்பம் என்பது பின்னாளில் தெளிவானது. 1994-இல் ஜான் ஃபாலன் குழுவினர், விளிம்பை நறுக்கிய மொட்டில் அந்தப் புரதம் தோய்த்த நுண்மணியை வைத்து, இறக்கையைத் தொடர்ந்து வளர வைத்துக் காட்டினார்கள்.

1968-இல் சாண்டர்ஸும் மேரி காசலிங்கும் இன்னொன்றைச் செய்தார்கள். மொட்டின் பின்பக்கத்தில், அதாவது நம் கையில் சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தில், ஒரு துண்டை எடுத்து இன்னொரு மொட்டின் முன்பக்கத்தில் ஒட்டினார்கள். மூன்று விரலோடு முளைக்க வேண்டிய இறக்கை ஆறு விரலோடு முளைத்தது. அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல, இடவலம் மாறி இரண்டு வரிசையாக! பின்பக்கத்துத் துண்டிலிருந்து கசியும் ஏதோ ஒன்றுதான் எந்த விரல் எங்கே என்று தீர்மானிக்கிறது என்று அப்போது புரிந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்க மேலும் 25 ஆண்டு ஆனது. 1993-இல் ஹார்வர்டில் கிளிஃபோர்ட் டாபினின் குழு அதைப் பிடித்தது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். மொட்டின் பின்பக்கத்தில் சுரந்து முன்பக்கம் பரவும் புரதம் அது. எந்தச் செல்லுக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதைப் பொறுத்து விரலின் எண்ணிக்கையும் வடிவமும் அமைகின்றன.

இப்போது அஞ்சு விரல் குஞ்சுக்கு வருவோம்.

நாட்டுக்கோழிக்குக் காலில் நாலு விரல். மூன்று முன்னால், ஒன்று பின்னால். அழகுக்காக வளர்க்கும் சில்கி கோழிக்கு அஞ்சு. அதன் பின்விரலுக்கு மேலே இன்னொரு விரல் மேல்நோக்கி வளைந்து நிற்கும். சந்தையில் சில்கியைத் தூக்கிக் காலைப் பார்த்து வாங்குவது வழக்கம். இந்த விரலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மெண்டலின் விதிகள் பட்டாணிச் செடிக்கு மட்டுமா, விலங்குக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு வில்லியம் பேட்சன் 1902-இல் பதில் தேடியபோது எடுத்துக்கொண்ட பண்புகளில் கோழியின் கூடுதல் விரலும் ஒன்று. ஒரு பிரதி மரபணு இருந்தாலே போதும், விரல் வரும். ஆனால் எப்போதும் ஒழுங்காக வராது. ஒரு காலில் அஞ்சும் மறு காலில் நாலுமாகக்கூட இருக்கும். ஆகவே, உங்கள் வீட்டுக் குஞ்சுக்கு ஒரு காலில் மட்டும் கூடுதல் விரல் இருந்தால் அதை விபத்து என்று தள்ளிவிட வேண்டாம்.

பேட்சனுக்கு நூறாண்டு கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு அதை இயக்கும் சுவிட்சில் இருந்தது. அந்த சுவிட்ச் மரபணுவின் பக்கத்திலும் இல்லை. மனிதரில் எடுத்துக்கொண்டால் அது சுமார் 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவில் ஒளிந்திருக்கிறது. கோழியிலும் அதே மரபணுவின் நடுவில்தான் இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 800 எழுத்து. இசட்.ஆர்.எஸ். என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகவும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் வேண்டும், ஆனால் அங்கெல்லாம் வேறு சுவிட்ச்கள் உண்டு. இது கைகாலுக்கு மட்டுமானது. சில்கியில் இந்த 800 எழுத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஒரு எழுத்தால், கால் மொட்டின் பின்பக்கத்தில் மட்டும் எரிய வேண்டிய சோனிக் ஹெட்ஜ்ஹாக் முன்பக்கத்திலும் கொஞ்சம் எரிந்துவிடுகிறது. சாண்டர்ஸ் கத்தி வைத்து இறக்கையில் செய்ததை இயற்கை ஒரே எழுத்தில் காலில் செய்துவிட்டது. சுமார் 100 கோடி எழுத்து கொண்ட கோழியின் மரபுத் தொகுப்பில் ஒன்றே ஒன்று!

இதற்கு நேர் எதிரான கோழியும் கிடைத்திருக்கிறது. ஆய்வகத்தில் தோன்றிய ஒரு வகையில் தொடை எலும்பு வரைக்கும் கால் ஒழுங்காக இருக்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புக்குப் பதில் ஒன்று, நுனியில் ஒரே ஒரு விரல். அந்தக் கருக்களில் இதே இசட்.ஆர்.எஸ். பகுதி அறுந்துபோயிருப்பது தெரியவந்தது. தலை, மூளை, முதுகுத்தண்டு எதிலும் குறையில்லை. ஏனென்றால் கைகால் சுவிட்ச் மட்டும்தான் போனது. ஒரே இடத்தில் ஒரு எழுத்து மாறினால் விரல் கூடுகிறது, அந்த இடமே போனால் விரல் குறைகிறது. இந்த இரண்டு கோழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான மரபியல் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது என் எண்ணம்.

பாம்புக்குக் கால் இல்லாமல் போனதிலும் இந்த சுவிட்சுக்குப் பங்குண்டு. 2016-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில், எலியின் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் சுவிட்சை அங்கே வைத்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கைகால் முளையோடு நின்றுவிட்டன. மனிதரிலும் கட்டைவிரல் பக்கத்தில் ஆறாவது விரலோடு பிறக்கும் சில குடும்பங்களில் இதே பகுதியில் எழுத்து மாறியிருப்பதை 2003-இல் எடின்பரோவில் லாரா லெட்டிஸ் குழு கண்டுபிடித்தது. எல்லா ஆறு விரலுக்கும் இதே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு விரலோடு பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாயா’ என்று தாயைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல இந்தக் கோழிக் கால் போதும்.

சில சடுதிமாற்றங்கள் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. 1979-இல் பிரகலாத் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இறக்கையோ காலோ முளைக்காத கோழிக் கருவைப் பற்றி எழுதினார்கள். உடம்பின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. நாலு மொட்டும் மூன்றாம் நாள் வழக்கம்போல எட்டிப்பார்க்கும், பிறகு செல்கள் செத்து மொட்டு மறைந்துவிடும். மொட்டின் உட்புறச் செல்களில் குறையா, மேல்தோலில் குறையா? ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்து மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். ஊனக் கருவின் உட்செல்லுக்கு நல்ல கருவின் தோலைப் போர்த்தினால் கால் வளர்ந்தது. நல்ல உட்செல்லுக்கு ஊனக் கருவின் தோலைப் போர்த்தினால் வளர்ச்சி நின்றது. சாண்டர்ஸ் நறுக்கிய அந்த விளிம்பு வரப்பு இந்தக் கருக்களில் உருவாவதே இல்லை. கால் ஆவதற்கான செல்கள் காத்திருக்கின்றன, ‘வளர்’ என்று சொல்ல ஆளில்லை.

டால்பிட் என்று பெயர் பெற்ற கருக்களின் கதை வேறு. 1964-இல் டொனால்ட் ஈட், கெல்லி இருவரும் விவரித்த வகையில் கால் மொட்டு அகலமாக விரிந்து, அதில் ஏழு, எட்டு என்று விரல்கள் ஒன்றுபோலவே முளைக்கும். எது பின்விரல், எது நடுவிரல் என்று அடையாளமே இருக்காது. அந்தக் கருக்கள் பொரிப்பதற்கு முன்பே இறந்துவிடும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகம் 2006-இல் இதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. செல்களின் மேல் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகள் உருவாக அது வேண்டும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் செய்தியைச் செல் வாங்கிக்கொள்வது அந்த இழையில்தான். செய்தி வராத இடங்களில் விரல் மரபணுக்களை அடக்கி வைக்கும் வேலையும் அதே இழையைச் சார்ந்தது. இழை இல்லாத கருவில் அடக்கி வைப்பவரும் இல்லை. எல்லாச் செல்லும் விரல் செய்யக் கிளம்பிவிடுகின்றன. இதே மரபணு மனிதரில் பழுதானால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஜூபெர்ட் நோய் வருகிறது என்பது 2015-இல் தெரிந்தது. சில குழந்தைகளுக்குக் கூடுதல் விரலும் இருக்கும். கோழியில் 1964-இல் விவரித்த ஒன்று, அரை நூற்றாண்டு கழித்துக் குழந்தைகள் மருத்துவருக்கு விடை தந்தது.

குட்டைக்கால் கோழியைப் பற்றி நம் வளர்ப்பாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குட்டையான பேண்டம் இனங்கள் சிலவற்றில், தரையோடு தவழ்வதுபோல நடக்கும் கோழிகள் உண்டு. 1930-இல் வால்டர் லாண்டவரும் எல்.சி. டன்னும் இவற்றின் மரபைக் கணக்கிட்டார்கள். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், நாலு கருவில் ஒன்று சாதாரணமாகவும் இரண்டு குட்டைக்காலாகவும் வரும், மீதி ஒன்று முட்டைக்குள்ளேயே சாகும். இரண்டு பிரதியும் பழுதான அந்த நாலாவது கரு, பெரும்பாலும் அடை வைத்த முதல் சில நாட்களிலேயே இறந்துவிடும். காரணம் 2016-இல் தெரிந்தது. சோனிக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, எலும்பு நீளமாக வளரத் தேவையான இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு அந்தக் கோழிகளின் ஒரு பிரதியில் இல்லவே இல்லை. நம் ஆட்கள் முட்டையைத் தூக்கி எறிந்து ‘சேவல் சரியில்லை, நாலில் ஒன்று கூமுட்டை’ என்று சொல்லும் இடத்தில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம். வழி எளியது. குட்டைக்காலை நல்ல காலுள்ள கோழியோடு சேர்த்தால் பாதிக் குஞ்சு குட்டைக்கால், பாதி சாதாரணம், இந்த மரபணுவால் எந்தக் கருவும் சாகாது.

எல்லா மாற்றமும் கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். இப்போது தமிழ்நாட்டில் பலர் ஆசையாக வளர்க்கும் பிரம்மா கோழியின் கால் முழுக்க இறகு. இறக்கைக்கு உரிய டி.பி.எக்ஸ்.5 என்ற மரபணு கால் மொட்டிலும் கொஞ்சம் இயங்குவதே காரணம். நம் நாட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு, கோழியின் முதன்மை மூதாதையான செங்காட்டுக் கோழியிடமிருந்து வரவில்லை. தென்னிந்திய மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக் கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-இல் நிறுவினார்கள். அந்தப் பறவைக்கு விலங்கியலில் உள்ள பெயர், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னராவின் பெயர். உலகமெங்கும் பண்ணைகளில் உள்ள மஞ்சள் காலில் நம் மலைக்காட்டின் பங்கு இருக்கிறது.

வீட்டுக் கோழிக்கு வருவோம். கல்வராயன் மலையில் ஒரு வீட்டில் ஒரு சேவல் மூன்று நாலு வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மகள்களும் பேத்திகளும் அதே சேவலோடுதான் சேரும். சேவலிடம் ஒரு ஒடுங்கு மரபணு, அதாவது இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும் மரபணு, ஒரு பிரதி ஒளிந்திருந்தால், மகள்களில் பாதிக்கு அது போகும். அப்படிப்பட்ட மகளோடு தந்தை சேர்ந்தால் நாலில் ஒரு கருவுக்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும். எந்த மகளிடம் அது இருக்கிறது என்று தெரியாததால், மொத்தத்தில் எட்டு கருவுக்கு ஒன்று. வெளியூர்ச் சேவலோடு சேர்ந்தால் அந்த ஒடுங்கு மரபணு வெளியே தெரிய வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். நொண்டும் குஞ்செல்லாம் சடுதிமாற்றத்தால் நொண்டுவதில்லை. விரல்கள் உள்ளே சுருண்டு, குஞ்சு கணுக்காலில் நடந்தால் பி2 வைட்டமின் குறைவு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கால் மூட்டு வீங்கி, தசைநார் நழுவிக் கோணினால் மாங்கனீசு குறைந்த தீவனம் காரணமாக இருக்கலாம். பொரித்த முதல் நாட்களில் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோவது, வழுக்கும் தரையில் விட்டதால் வருவது. செய்தித்தாளை விரித்து அதன்மேல் குஞ்சை விடாதீர்கள், கோணிச்சாக்கு விரித்தால் போதும். வளர்ந்த கோழிக்கு ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொண்டால் அது மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கக்கூடும். மரபணுவின் கை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அதே சேவலும் அதே பெட்டையும் சேர்ந்த முட்டைகளில், தீவனமும் தரையும் சரியாக இருந்தும், அடுத்தடுத்த ஈட்டிலும் அதே ஊனம், அதே அளவில் வந்தால் மரபணுவைச் சந்தேகியுங்கள்.

அடுத்த முறை அடை வைக்கும்போது எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது என்று காலண்டர் ஓரத்திலாவது எழுதி வையுங்கள். 21 நாள் கடந்தும் பொரிக்காத முட்டையைத் தூர வைத்து உடைத்து, உள்ளே கரு இருந்ததா, கால் எப்படி இருந்தது என்று பாருங்கள். பார்த்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேறு மாதிரியான கால் தெரிந்தால் செல்போனில் படம் எடுத்து அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். சின்னசேலத்திலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சேவலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது, வேறு ஊரிலிருந்து, உங்கள் கோழிக்கு உறவில்லாததாகப் பார்த்து மாற்றுங்கள்.